வாக்குப் பெறாத ஐவரும் நம் வாக்குரிமையும்



மக்களாட்சி என்றால் என்ன என்று நம் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் விடை சொல்வார்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் நடத்தும் ஆட்சியே மக்களாட்சி என்பார்கள். விடை சரியானதுதான். ஆனால், அந்த மக்களாட்சிக்கே அடித்தளமாக விளங்கும் நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தை முதன்முதலில் எழுதிக் கொடுத்தவர்கள் யார்? 5 பேர். அந்த ஐவரில் ஒருவர்கூட இந்நாட்டவர் அல்லர். இந்நாட்டு மக்களில் ஒருவர்கூட அவர்களுக்கு வாக்களித்ததும் இல்லை. வாக்குப் பெறாத ஐவர் எழுதிய நகலிலிருந்து பிறந்த சட்டத்தின்கீழ்தான் நாம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாக்களித்து வருகிறோம்.

இது முரண்பாடு இல்லையா? மக்கள் தேர்ந்தெடுக்காத அறிஞர்களுக்கு மக்களாட்சியில் என்ன வேலை? அவர்களுடைய சொல் எதுவரை செல்லலாம்? எங்கே நிற்க வேண்டும்? இவற்றைத்தான் இன்றைய உரையில் காணப் போகிறோம். இது படித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி என்று எண்ணி வானொலியை மூடிவிடாதீர்கள். உங்கள் பாட்டனாருக்குக் கிடைத்தது நீல அடையாளக் கார்டா, சிவப்புக் கார்டா என்பது இந்தக் கதையில் அடங்கியிருக்கிறது.

1955-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் மலாயாவில் முதலாவது பொதுத்தேர்தல் நடைபெற்றது. கூட்டரசுச் சட்டமன்றத்தின் 98 உறுப்பினர்களில் 52 பேரை மட்டுமே மக்கள் தேர்ந்தெடுத்தனர். மற்றவர்கள் நியமனம் பெற்றவர்கள். அந்த 52 இடங்களில் 51 இடங்களைத் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான கூட்டணிக் கட்சி வென்றது. அம்னோ, மலாயாச் சீனர் சங்கம், ம.இ.கா. ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தக் கூட்டணி.

அத்தேர்தலில் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் மலாய்க்காரர்கள். இந்தியர் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 1957-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். மீதிப் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரயில் பாதையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வயது வராத பிள்ளைகள் போக, மற்றவர்களில் பலர் 1948-ஆம் ஆண்டு ஒப்பந்தம் விதித்த கடுமையான நிபந்தனைகளால் குடிமக்களாகப் பதியப் பெறாதவர்கள். நாட்டைச் செழிக்க வைத்த கைகளில் பெரும்பாலானவற்றிற்கு அன்று வாக்குச்சீட்டு இல்லை.

இந்த நிலையில் அரசியலமைப்புச் சட்டத்தை அந்தச் சட்டமன்றமே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாக்கு உள்ளவர்கள், வாக்கு இல்லாதவர்களின் உரிமையைத் தீர்மானித்திருப்பார்கள். நல்லெண்ணம் உள்ளவர்கள்கூடத் தமக்கு வாக்களித்தவர்களின் முகத்தைத்தானே முதலில் பார்ப்பார்கள்?

1956-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இலண்டனில் நடந்த மாநாட்டில் மலாய் ஆட்சியாளர்களின் பிரதிநிதிகளும் கூட்டணித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசாங்கமும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். காமன்வெல்த் நாடுகளிலிருந்து சட்ட அறிஞர்களை வரவழைத்து ஓர் ஆணைக்குழு அமைப்பது என்பதே அது. உள்ளூர்க்காரர்களை நியமித்தால் ஒவ்வோர் இனத்தாரும் அவர்களைத் தம் பக்கம் இழுப்பார்கள். வெளியாராக இருந்தால் நடுவுநிலை காக்க முடியும் என்று துங்கு கருதினார்.

பால் நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். வெட்டியவர் தாமே நிறுத்தால் துரைமார் நம்பமாட்டார்கள். கூலி கொடுக்கிறவர் தாமே நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தாமே சொன்னால் வெட்டியவர் நம்பமாட்டார். தராசைப் பிடிக்கிறவர் இரு பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும் என்று தோட்டத்தில் வாழ்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றும் நமக்குத் தெரியும். தராசைப் பிடிப்பவர் நிறையைத்தான் சொல்லலாம். கூலி எவ்வளவு என்று முடிவு செய்வது அவர் வேலையன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரீட் பிரபு. பிரிட்டனின் உச்ச நிலை நீதிபதிகளுள் ஒருவர். ஆகவே, அது ரீட் ஆணைக்குழு என்றே பெயர் பெற்றது. மற்றொருவர் சர் ஐவர் ஜென்னிங்ஸ், அரசியலமைப்புச் சட்டத்தில் பெரும் புலமை பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர். ஆஸ்திரேலியாவிலிருந்து அந்நாட்டின் முன்னாள் தலைமை ஆளுநர் சர் வில்லியம் மெக்கெல் வந்தார். இந்தியாவிலிருந்து அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக் வந்தார். பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது வந்தார். கனடாவும் ஒருவரை நியமித்திருந்தது. உடல்நலக் குறைவால் அவர் வர இயலவில்லை.

அவர்கள் தம் மனம்போல எழுதிவிட அனுமதிக்கப்படவில்லை. செய்ய வேண்டிய வேலையின் எல்லையை முன்னதாகவே வகுத்துக் கொடுத்திருந்தார்கள். வலுவான மத்திய அரசும், மாநிலங்களுக்கு ஓரளவு தன்னாட்சியும் இருக்க வேண்டும். ஆட்சியாளர்களின் நிலை காக்கப்பட வேண்டும். அவர்களிலிருந்து ஒருவர் நாட்டின் தலைவராக வர வேண்டும். கூட்டரசு முழுமைக்கும் ஒரே குடியுரிமை வேண்டும். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையும், மற்ற இனத்தாரின் நியாயமான நலன்களும் காக்கப்பட வேண்டும். இவையே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகள்.

1956 ஜூன் முதல் அக்டோபர் வரை ஆணைக்குழு மலாயாவில் தங்கிப் பணியாற்றியது. 131 மனுக்கள் வந்து சேர்ந்தன. பொதுவிலும் தனியாகவும் 118 அமர்வுகள் நடத்தினார்கள். ஆட்சியாளர்கள், கட்சிகள், சங்கங்கள், தனி மனிதர்கள் எனப் பல தரப்பாரும் தத்தம் கருத்தைச் சொன்னார்கள். பின்னர் ஐவரும் ரோம் நகருக்குச் சென்று, இங்குள்ள பரபரப்பிலிருந்து ஒதுங்கியிருந்து அறிக்கையை எழுதினார்கள். 1957 பிப்ரவரியில் அறிக்கை வெளியாயிற்று.

அதில் நமக்கு மிக முக்கியமானது குடியுரிமைப் பகுதி. மெர்டேகா நாளிலும் அதற்குப் பின்னும் இம்மண்ணில் பிறக்கும் குழந்தை, பிறப்பினாலேயே குடிமகன் ஆகும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். அப்பன் எந்த ஊர், ஆத்தாள் எந்தக் கப்பலில் வந்தாள் என்ற கேள்வி இல்லை. கூட்டணிக் கட்சிகள் தமக்குள் பேசி ஒத்துக்கொண்டு முன்வைத்த கோரிக்கையும் இதுவே. அறிஞர்கள் அதை ஏற்றுச் சட்டத்தின் மொழியில் அமைத்துத் தந்தார்கள் எனலாம்.

ஐவரும் எல்லாவற்றிலும் ஒத்துப் போகவில்லை. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை 15 ஆண்டுகளுக்குப் பின் மறு ஆய்வு செய்யலாம் என்பது ஆணைக்குழுவின் பரிந்துரை. இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்று சட்டத்தில் எழுதப் பெரும்பான்மை உறுப்பினர்கள் முன்வரவில்லை. நீதிபதி அப்துல் ஹமீது இவற்றுக்கு உடன்படாமல் தம் மாற்றுக் கருத்தைத் தனியாக எழுதினார். அந்தக் குறிப்பும் அறிக்கையோடு சேர்த்தே அச்சிடப்பட்டது. இதை நாம் கவனிக்க வேண்டும். அறிஞர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. அதை மூடி மறைக்காமல் மக்கள் முன் வைத்ததுதான் அந்தக் குழுவுக்குப் பெருமை.

அடுத்து நடந்தது என்ன? அறிக்கை அப்படியே சட்டமாகிவிடவில்லை. ஆட்சியாளர்களின் பிரதிநிதிகள் 4 பேர், கூட்டணி அரசாங்கத்தின் பிரதிநிதிகள் 4 பேர், பிரிட்டிஷ் அதிகாரிகள் 3 பேர் கொண்ட செயற்குழு அதை வரிக்கு வரி ஆராய்ந்தது. 15 ஆண்டு மறு ஆய்வு என்ற பரிந்துரை நீக்கப்பட்டது. இஸ்லாம் கூட்டரசின் சமயம், பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது. மலாயோ ஆங்கிலமோ நன்கு பேச இயலாத உறுப்பினர்கள் 10 ஆண்டுகளுக்குச் சட்டமன்றத்தில் சீனத்திலோ இந்திய மொழியிலோ பேசலாம் என்று ஆணைக்குழு சொல்லியிருந்தது, அதுவும் கைவிடப்பட்டது. 1957 ஆகஸ்டு 15-ஆம் நாள் கூட்டரசுச் சட்டமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றது. ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது.

இந்த மாற்றங்களை விரும்பியவர்களும் உண்டு, வருந்தியவர்களும் உண்டு. அது வேறு செய்தி. முறையை மட்டும் பாருங்கள். அறிஞர்கள் ஆராய்ந்தார்கள், காரணத்தோடு எழுதினார்கள், வெளியிட்டார்கள். பிறகு பொறுப்பு உள்ளவர்கள் ஏற்க வேண்டியதை ஏற்று, மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். நகல் இருப்பதால்தான், எது மாற்றப்பட்டது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறது.

இங்கே நம் உறவினர்கள் வாழும் இலங்கையைச் சற்றுப் பார்ப்பது பயன் தரும். இலங்கையின் அரசியலமைப்பு உருவானபோது ஆலோசனை தந்தவரும் இதே ஐவர் ஜென்னிங்ஸ்தான். ஓர் இனத்தாரை மட்டும் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. ஆனால், யார் குடிமகன் என்பது அரசியலமைப்பில் எழுதப்படவில்லை. அதை நாடாளுமன்றத்திற்கே விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? 1948-ஆம் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்தியத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. 1953-ஆம் ஆண்டில் அந்த நீதிபதிகளும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் குறை தீரச் சட்டம் வந்தது 2003-ஆம் ஆண்டில்தான்.

அங்கும் தோட்டத் தொழிலாளர், இங்கும் தோட்டத் தொழிலாளர். அங்கும் இங்கும் ரப்பரும் தேயிலையுமே பிழைப்பு. ஆனால் மலாயாவில் குடியுரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டது. அதை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1971-ஆம் ஆண்டு திருத்தத்திற்குப் பின் ஆட்சியாளர்கள் மாநாட்டின் ஒப்புதலும் வேண்டும். ஒரு தேர்தலில் வென்ற கட்சி, மறு நாளே நம் குடியுரிமையில் கை வைத்துவிட முடியாதபடி போட்ட வேலி இது. அறிஞர் குழுவினால் விளையும் நன்மைக்கும், அறிஞர்களும் நீதிமன்றமும் காக்கத் தவறுவதற்கும் இந்த இரு நாடுகளே சான்று.

வேலி போட்டுக் கொடுத்தால் மட்டும் போதுமா? உள்ளே வர வழியும் தெரிய வேண்டும் அல்லவா? மெர்டேகாவுக்கு முன் இங்குப் பிறந்தவர்களும், இந்தியாவிலிருந்து வந்தவர்களும் மனுச் செய்துதான் குடிமக்கள் ஆக வேண்டியிருந்தது. இங்குப் பிறந்து 18 வயது நிறைந்தவர், 7 ஆண்டுகளில் 5 ஆண்டு இங்கு வாழ்ந்திருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர், 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் ஓரளவு மலாய்மொழி அறிவு வேண்டும். ஆனால், மெர்டேகா நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால் இங்குப் பிறந்தவர்களுக்கும், வந்தவர்களில் 45 வயது நிறைந்தவர்களுக்கும் அந்த மொழித் தேர்வு இல்லை. இந்த ஓராண்டுச் சலுகையும் ரீட் ஆணைக்குழு பரிந்துரைத்ததே.

1957 ஆகஸ்டு 31 முதல் ஓராண்டு. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் நாடெங்கும் பல இலட்சம் பேர் மனுச் செய்து குடிமக்கள் ஆயினர். 1959-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை 21 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் நம்மவர்களில் எத்தனையோ பேர் மனுச் செய்யவில்லை. என்றைக்காவது ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று இருந்தவர்கள் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு. ஒரு நாள் பெரட்டுக்கு நிற்காவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அஞ்சியவர்கள் உண்டு. பாரத்தை நிரப்பத் தெரியாதவர்கள் அதைவிட அதிகம்.

அந்த அலட்சியத்தின் விலை பின்னர்தான் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. 1969-ஆம் ஆண்டை அடுத்து அச்சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சிவப்புக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினர். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள், பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போக நேர்ந்த குடும்பங்களும் உண்டு. அறிஞர் எழுதிய நல்ல விதி ஏட்டில் இருந்தது. அதை இலயத்து வாசல்வரை கொண்டு வந்து சேர்க்க வேண்டிய வேலை எல்லா இடத்திலும் நடைபெறவில்லை.

ரீட் ஆணைக்குழு தன் வேலை முடிந்ததும் கலைந்துவிட்டது. ஆனால் அது பரிந்துரைத்த மற்றோர் அமைப்பு இன்றும் இருக்கிறது. அதுவே தேர்தல் ஆணையம். 1957 செப்டம்பரில் அது அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்துகொண்டு மாமன்னர் நியமிக்கிறார். பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆணையமாக அது இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உச்ச நிலை நீதிபதியை எளிதில் நீக்க முடியாதது போல அவர்களையும் எளிதில் நீக்க முடியாது.

ஏன் இவ்வளவு பாதுகாப்பு? பந்தாட்டத்தில் விசில் ஊதுகிறவரை ஆடுகிற குழுவே நியமித்து, ஆடுகிற குழுவே நீக்கலாம் என்றால் ஆட்டம் எப்படி நடக்கும்? வாக்குகளை எண்ணுகிறவர்கள் வாக்குக் கேட்கிறவர்களாக இருக்கக் கூடாது.

1957-ஆம் ஆண்டின் சட்டப்படி, தொகுதி எல்லைகளை வகுக்கும் அதிகாரம் இந்த ஆணையத்திடமே இருந்தது. ஒரு தொகுதியின் வாக்காளர் தொகை சராசரியைவிட நூற்றுக்கு 15-க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்ற வரம்பும் இருந்தது. ஆணையம் 1960-ஆம் ஆண்டில் அந்த விதிப்படி எல்லைகளை வகுத்தது. ஆனால் 1962-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் அந்த வேலையை இரத்துச் செய்தது. முடிவு செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்குப் போயிற்று. ஆணையம் பரிந்துரை செய்வதோடு நின்றது. கிராமத் தொகுதி, நகரத் தொகுதியில் பாதி அளவுகூட இருக்கலாம் என்று வரம்பும் தளர்ந்தது. 1973-ஆம் ஆண்டில் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது.

கிராமத்தார் தொலைவில் சிதறி வாழ்கிறவர்கள். அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதற்கு அளவு வேண்டாமா? 2022-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். சரவாக்கின் இகான் தொகுதியில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டும் தேர்ந்தெடுத்தது ஆளுக்கொரு உறுப்பினரை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல, பெரிய தொகுதிகளில்தான் வாழ்கின்றன. ஆகவே, நம் வாக்கின் எடை குறைந்த கதை இது என்பதை உணர வேண்டும். தராசு பிடித்தவர் சொன்ன நிறை பிடிக்கவில்லை என்பதற்காக, அவர் கையிலிருந்து தராசை வாங்கிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் இது பாடம்.

இன்னோர் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியச் சம்பள ஆலோசனை மன்றம் ஏற்பட்டது. அதிலும் தேர்தல் இல்லை. தொழிலாளர் பிரதிநிதிகள், முதலாளிமார் பிரதிநிதிகள், அரசாங்க அதிகாரிகள், மற்ற அறிஞர்கள் ஆகியோர் நியமனம் பெறுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது குறைந்தபட்சச் சம்பளத்தை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டியது அவர்கள் கடமை. முடிவு செய்வது அரசாங்கம். தீபகற்பத்தில் 2013 ஜனவரியில் 900 ரிங்கிட் என்று தொடங்கிய அந்தச் சம்பளம், 2025-ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டில் உள்ள எண்ணுக்குப் பின்னால் வாக்குப் பெறாத ஒரு மன்றத்தின் கணக்கும், வாக்குப் பெற்ற ஓர் அரசாங்கத்தின் முடிவும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆகவே நேயர்களே, இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. மேலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அவர்களுக்கு வேலையின் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறதா? தங்கள் முடிவையும் காரணத்தையும், மாற்றுக் கருத்தையும்கூட, வெளிப்படையாக எழுதி வைக்கிறார்களா? இறுதிச் சொல் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களிடம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அத்தகைய அறிஞர் குழு மக்களாட்சிக்குத் துணை. இல்லை என்றால், எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும் அவர்கள் நமக்கு எசமானர்களாகிவிடுவார்கள்.

அந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தேர்தலை நடத்துவதிலும் வாக்கின் எடையைக் காப்பதிலும் இறுதிச் சொல்லை வென்றவர் கையில் முழுவதும் கொடுத்துவிடக் கூடாது. ஏனெனில், மற்ற முடிவு தவறானால் அடுத்த தேர்தலில் திருத்தலாம். தேர்தலே சாய்ந்துவிட்டால் எதைக் கொண்டு திருத்துவது?

முடிவாக ஒன்று. 1957-ஆம் ஆண்டில் நல்ல விதி இருந்தும் மனுச் செய்யாததால் கெட்டவர்கள் நம்மவர்கள். அந்த நிலை மீண்டும் வரலாகாது. 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பிறந்த இடம் மட்டும் போதாது, பெற்றோரின் நிலையும் பார்க்கப்படும் என்று ஆயிற்று. 2024 அக்டோபரிலும் மக்களவை குடியுரிமை விதிகளைத் திருத்த வாக்களித்தது. விதிகள் மாறும், பத்திரம் இருப்பவர்தான் தப்புவார். ஆகவே பிள்ளை பிறந்தால் காலத்தோடு பதியுங்கள். திருமணத்தைப் பதியுங்கள். வீட்டில் பத்திரமில்லாத முதியவரோ பிள்ளையோ இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், படித்த ஒருவரை அழைத்துக்கொண்டு பதிவிலாகாவுக்குச் செல்லுங்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். ஆனாலும் பெயர் இருக்கிறதா, எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தொகுதி எல்லை மாற்றம் அறிவிக்கப்படும்போது, ஒரு தொகுதியின் வாக்காளர் 100 பேர் சேர்ந்து கையெழுத்திட்டு ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு தோட்டத்துப் பெரட்டிலே நின்ற கூட்டம் அதைவிடப் பெரிது என்பதை மறந்துவிடாதீர்கள்.